அரை அயர்ன்மேன்: எந்த ஊர், யாருக்கு?

சென்னையிலும் கோவையிலும் விடிவதற்கு முன் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பும் குழுக்களில், போட்டிப் பதிவு தொடங்கும் மாதங்களில் ஒரே பேச்சுதான். கோவாவா, மலேசியாவின் லங்காவியா, ஆஸ்திரேலியாவா? எந்த ரேஸ் சுலபம்? கேட்பவர் முதல்முறை போகிறவராக இருக்கலாம். ஏற்கெனவே ஒன்றிரண்டை முடித்துவிட்டு, இந்த முறை 6 மணி நேரத்துக்குள் வந்துவிட வேண்டும் என்று துடிப்பவராகவும் இருக்கலாம்.

அரை தூர டிரையத்லான் என்பது 1.9 கிலோமீட்டர் நீச்சல், 90 கிலோமீட்டர் சைக்கிள், 21.1 கிலோமீட்டர் ஓட்டம். மூன்றையும் இடைவெளி விடாமல் ஒன்றன்பின் ஒன்றாக முடிக்க வேண்டும். கூட்டினால் 113 கிலோமீட்டர், மைல் கணக்கில் 70.3. அயர்ன்மேன் நிறுவனம் தன் அரை தூரப் போட்டிகளுக்கு 70.3 என்று பெயர் வைத்தது இதனால்தான்.

ஊருக்கு ஊர் நேரம் மாறும் என்பதில் வியப்பில்லை. மலை இருந்தால் நேரம் கூடும், அவ்வளவுதானே என்று தோன்றும். ஆனால் முடிவுப் பட்டியல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இன்னொன்று தெரியும். ஒரு ஊரில் பத்து நிமிடம் முந்தியவர், இன்னொரு ஊரில் அதே நண்பருக்குப் பின்னால் வருகிறார். ஒரு பாதை மற்றதைவிடக் கடினம் என்பது மட்டுமே காரணமாக இருந்தால், எல்லோரும் ஒரே விகிதத்தில் அல்லவா தாமதமாக வேண்டும்? வரிசை ஏன் புரள்கிறது? இந்தப் புதிரை அவிழ்த்துவிட்டால், எந்த ரேஸ் சுலபம் என்ற கேள்வியையே வேறு மாதிரி கேட்கத் தொடங்கிவிடுவோம்.

முதலில் நேரக் கணக்கு. 6 மணி நேரத்தில் முடிக்கும் ஒருவருக்கு நீச்சல் முக்கால் மணி நேரம் பிடிக்கும். சைக்கிள் 3 மணி நேரத்தை ஒட்டி வரும். ஓட்டத்துக்கு 2 மணி நேரம். உடை, காலணி மாற்றச் சில நிமிடங்கள். நாளின் பாதியைச் சைக்கிள்தான் எடுத்துக்கொள்கிறது. ஆகவே சைக்கிள் பாதையிலிருந்து தொடங்குவோம்.

சமதரையில் சைக்கிள் மிதிப்பவர் எதை எதிர்த்து உழைக்கிறார்? டயருக்கும் சாலைக்கும் இடையிலான உருள்தடை கொஞ்சம். மீதியெல்லாம் காற்று. மணிக்கு 30 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டால், கால் கொடுக்கும் சக்தியில் ஐந்தில் நான்கு பங்கு முன்னாலிருக்கும் காற்றை விலக்குவதற்கே போகும். இந்தக் காற்றுத்தடைக்கு ஒரு முரட்டுக் குணம் உண்டு. வேகம் கூடக் கூடத் தடை அதன் இருமடியாகக் கூடும். அதை வெல்லத் தேவைப்படும் சக்தியோ மும்மடியாக ஏறும். வேகத்தைப் பத்தில் ஒரு பங்கு கூட்ட, மூன்றில் ஒரு பங்கு கூடுதல் சக்தி வேண்டும்.

இது வெறும் தாள் கணக்கு இல்லை. 1986-இல் உல்ரிக் ஷோபரர் என்ற ஜெர்மானியப் பொறியாளர், மிதிக்கும் சக்தியைச் சைக்கிளிலேயே அளக்கும் கருவியைக் கொண்டுவந்தார். இன்று அதைப் பவர் மீட்டர் என்கிறோம். வாட் கணக்கில் அளவு காட்டும். 1998-இல் ஜேம்ஸ் மார்ட்டினும் அவருடைய குழுவினரும் ஓட்டுநர்களின் காற்றுத்தடையைக் காற்றுச்சுரங்கத்தில் அளந்து, அதோடு உருள்தடை, சாய்வு, வேகமாற்றம் ஆகியவற்றைச் சேர்த்து ஒரு சூத்திரம் அமைத்தார்கள். பிறகு அதே ஆட்களைச் சாலையில் ஓட்டவிட்டு, பவர் மீட்டர் காட்டியதோடு ஒப்பிட்டார்கள். இரண்டும் ஏறத்தாழ அப்படியே பொருந்தின. பாதையின் ஏற்ற இறக்கத்தையும் உங்கள் எடையையும் சக்தியையும் கொடுத்தால், எத்தனை மணிக்கு வந்து சேர்வீர்கள் என்று இன்று செயலிகள் சொல்வதற்கு அடித்தளம் இந்த வேலைதான்.

அந்தச் சூத்திரத்தை வைத்து இரண்டு பேரைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இருவரும் கற்பனை ஆட்கள். ஒருவர் 58 கிலோ எடை, 170 வாட் கொடுப்பவர். மற்றவர் 82 கிலோ, 210 வாட் கொடுப்பவர். கனத்தவரின் உடல் காற்றுக்குக் காட்டும் பரப்பு கொஞ்சம் பெரிது. ஆனால் எடை கூடிய அளவுக்குப் பரப்பு கூடுவதில்லை. சமதரையில் மெலிந்தவர் மணிக்கு 34 கிலோமீட்டரைச் சற்றே தாண்டுகிறார். கனத்தவர் 35-ஐத் தொடுகிறார். 90 கிலோமீட்டர் முடியும்போது கனத்தவர் 4 நிமிடம் முன்னால் நிற்கிறார்.

இப்போது 100 மீட்டருக்கு 6 மீட்டர் உயரும் ஏற்றத்தில் இருவரையும் விடுவோம். வேகம் விழுந்துவிடுவதால் காற்று கிட்டத்தட்ட ஒதுங்கிக்கொள்கிறது. இங்கே எதிர்ப்பது புவியீர்ப்பு. அது ஒவ்வொரு கிலோவுக்கும் கணக்குத் தீர்க்கும். மெலிந்தவர் மணிக்கு 13 கிலோமீட்டரில் ஏறுகிறார், கனத்தவர் 12-இல். 10 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரே ஒரு மலையேற்றம் முடிவதற்குள், 90 கிலோமீட்டர் சமதரையில் கனத்தவர் சேர்த்து வைத்த 4 நிமிடமும் கரைந்துவிடுகிறது.

வரிசை புரள்வதன் முதல் காரணம் இது. சமதரையில் சக்தியைக் காற்றுப் பரப்பால் வகுக்க வேண்டும். ஏற்றத்தில் அதே சக்தியை எடையால் வகுக்க வேண்டும். ஒரே காலுக்கு இரண்டு மதிப்பெண்.

ஏறியதை இறங்கும்போது மீட்டுக்கொள்ளலாமே என்பார்கள். அது நடப்பதில்லை. 10 கிலோமீட்டரை 13 வேகத்தில் ஏற 46 நிமிடம். அதே 10 கிலோமீட்டரை 50 வேகத்தில் இறங்க 12 நிமிடம். 20 கிலோமீட்டருக்கு 58 நிமிடம் ஆகிவிட்டது. சமதரையாக இருந்தால் 35 நிமிடம்தான். மெதுவாகப் போகும் பகுதியில் அதிக நேரம் இருக்கிறோம், வேகமான பகுதியில் கொஞ்ச நேரமே இருக்கிறோம் என்பதால் சராசரி எப்போதும் மெதுவான பக்கமே சாயும். காற்று வீசும் பாதைக்கும் இதே கணக்குதான். கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் வரை போய்த் திரும்புகிறவர்களுக்கு இது உடம்பிலேயே தெரியும். 45 கிலோமீட்டர் எதிர்காற்றில் 25 வேகம், திரும்பும் 45 கிலோமீட்டரில் பின்காற்றோடு 35 வேகம் என்றால் சராசரி 30 என்று மனக்கணக்கு சொல்லும். கடிகாரம் 5 நிமிடம் கூடுதலாகக் காட்டும். அதனால் ‘தட்டையான பாதை’ என்று விளம்பரப்படுத்தும் கடலோரப் போட்டியில், எந்தத் திசைக் காற்று எத்தனை மணிக்கு எழுகிறது என்று விசாரிக்காமல் நேரம் குறிக்கக் கூடாது.

இறங்குவதும் தனிக் கலை. 2019-இல் பிரான்சின் நீஸ் நகரில் நடந்த 70.3 உலகச் சாம்பியன்ஷிப்பில், சைக்கிள் பாதை கடலோரத்திலிருந்து கோல் த வான்ஸ் என்ற கணவாய்க்கு ஏறியது. உயரம் 960 மீட்டருக்குச் சற்று மேல். பிறகு வளைந்து வளைந்து இறங்க வேண்டும். டிரையத்லான்காரர்கள் வழக்கமாக டிடி பைக்கில் வருவார்கள். அதில் முழங்கைகளைத் திண்டுகளில் ஊன்றிக் குனிந்து படுத்து ஓட்டலாம். காற்றுத்தடை வெகுவாகக் குறையும். ஆனால் அந்த நிலையில் கைகள் பிரேக்கிலிருந்து விலகியிருக்கும், திருப்பமும் எளிதல்ல. நார்வேயைச் சேர்ந்த 23 வயது குஸ்தாவ் ஈதன் அன்று சாதாரண ரோடு பைக்கில் வந்தார். ஏற்றத்துக்கும் வளைவு இறக்கத்துக்கும் அது போதும் என்று கணித்திருந்தார். புகழ்பெற்ற வீரர் அலிஸ்டர் பிரௌன்லியைப் பின்தள்ளி உலகச் சாம்பியனாகவும் ஆனார். தன் காலுக்கும் பாதைக்கும் எது பொருந்தும் என்று பார்த்தபின் வண்டியைத் தேர்ந்தெடுத்த இந்த முடிவு எனக்கு மிகவும் பிடித்த ஒன்று. விலையுயர்ந்த டிடி பைக் வாங்கிவிட்டோம் என்பதற்காக மலைப் போட்டிக்கும் அதையே தூக்கிக்கொண்டு போகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

உயரமான ஊர்களில் இன்னொரு திருப்பம் உண்டு. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்திலுள்ள போல்டர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி கடற்கரையைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. விலக்க வேண்டிய காற்று குறைவதால் சைக்கிள் அதே சக்திக்கு வேகமாகப் போகும். மூச்சில் வரும் ஆக்சிஜனும் அதே அளவு குறைவதால் கால் அந்தச் சக்தியைக் கொடுக்கத் திணறும். சைக்கிளில் இரண்டும் ஓரளவு ஈடுகட்டிக்கொள்ளும். ஓட்டத்தில் காற்றுத்தடை சொற்பம் என்பதால் லாபம் ஏதுமில்லை, நஷ்டம் மட்டும் அப்படியே நிற்கும்.

நீச்சலுக்கு நேரத்தில் பங்கு குறைவு. பயத்தில் பங்கு அதிகம். ஆற்றில் நீரோட்டத்தோடு நீந்தும் போட்டிகள் சில உண்டு. அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தின் சேலம் நகரில் நடக்கும் 70.3-இல் வில்லமெட் ஆற்றின் போக்கிலேயே நீந்துவார்கள். நீரோட்டம் நொடிக்கு 35 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். முக்கால் மணி நேரம் எடுத்துக்கொள்ளும் நீச்சல்காரர் அரை மணியில் கரையேறிவிடுவார். லாபம் 15 நிமிடம். 26 நிமிடத்தில் நீந்தும் கெட்டிக்காரருக்கு லாபம் 6 நிமிடம்தான். மெதுவாக நீந்துகிறவர் நீரில் அதிக நேரம் இருக்கிறார், ஆறு அவரை அதிக நேரம் சுமக்கிறது.

வெட்சூட்டும் அதே பக்கம்தான் சாய்கிறது. நுண்ணிய காற்றறைகள் கொண்ட ரப்பர் உடை அது. கால்கள் தொங்கி, இடுப்பு அமிழ்ந்து நீந்துகிறவரை அது தூக்கிப் பிடிக்கும். 1989-இல் நெதர்லாந்தில் ஹூப் தூசைன் குழுவினர் அளந்தபோது, நொடிக்கு 1.25 மீட்டர் வேகத்தில் நீரின் தடை 14 விழுக்காடு குறைந்தது. ஆனால் நீர் வெப்பநிலை 24.5 டிகிரி செல்சியஸைத் தாண்டினால், பொதுப் போட்டியாளர்கள் வெட்சூட் அணிந்து பரிசுக்குப் போட்டியிட அயர்ன்மேன் விதிகள் இடம் கொடுப்பதில்லை. கோவா, கொழும்பு, லங்காவிக் கடல்கள் எல்லாம் அந்த வரம்புக்கு மேலே. நீச்சலில் பலவீனமானவர் வெப்பமண்டலப் போட்டியைத் தேர்ந்தெடுக்கும்போது இந்த உதவியை விட்டுக்கொடுக்கிறார்.

குளிர்நீர்ப் பக்கம் போகிறவர் வேறொன்றைத் தெரிந்துகொண்டு போக வேண்டும். 15 டிகிரிக்குக் கீழே உள்ள நீரில் திடீரென இறங்கினால் மூச்சு தன்னிச்சையாக இழுக்கும், நெஞ்சு படபடக்கும். குளிரதிர்ச்சி என்று இதைச் சொல்லலாம். போர்ட்ஸ்மத் பல்கலைக்கழகத்தின் மைக் டிப்டன் பல ஆண்டுகள் ஆராய்ந்து காட்டியது என்னவென்றால், முதல் அரை நிமிடத்தில் உச்சத்துக்குப் போகும் இந்த எதிர்வினை ஒன்றிரண்டு நிமிடங்களில் அடங்கிவிடுகிறது. சில நிமிடக் குளிர்முழுக்குகளைத் திரும்பத் திரும்பப் பழகினால் அதன் வீரியமும் குறைகிறது. மெரினாவிலும் கோவளத்திலும் மட்டுமே நீந்தியவர் ஐரோப்பிய ஏரிக்குப் போனால், போட்டிக்கு முந்தைய நாட்களிலேயே அந்த நீரில் துணையோடு இறங்கிப் பழகுவதை நான் கட்டாயம் என்றே சொல்வேன். இது நேரம் பற்றிய அறிவுரை இல்லை, உயிர் பற்றியது.

இனி வெப்பம். மலையைப் பார்த்துப் பயப்படுகிற அளவுக்கு நம் ஆட்கள் வெப்பத்தைப் பார்த்துப் பயப்படுவதில்லை. இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள், வெயில் என்ன செய்யும் என்ற நினைப்பு. ஆனால் ஒரு அரை தூரப் போட்டியில் அதிகமான நிமிடங்களை விழுங்குவது பெரும்பாலும் அதுதான்.

நம் தசை எரிக்கும் ஆற்றலில் நாலில் ஒரு பங்குகூடச் சக்கரத்தைச் சரியாகப் போய்ச் சேர்வதில்லை. மீதி வெப்பமாகிறது. 200 வாட்டில் சைக்கிள் மிதிப்பவர் உடம்பில் 700 வாட்டை ஒட்டி வெப்பம் உற்பத்தியாகிக்கொண்டே இருக்கும். அது வெளியேறாவிட்டால் அரை மணி நேரத்துக்குள் காய்ச்சல் நிலையைத் தாண்டிவிடும். வெளியேற்றும் வழிகளில் வெயில் நாளில் நம்பத்தக்கது ஒன்றே ஒன்று: வியர்வை ஆவியாதல். ஒரு லிட்டர் வியர்வை முழுதாக ஆவியானால், அந்த 700 வாட்டை ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்குச் சமாளிக்கும். இங்கே ‘முழுதாக ஆவியானால்’ என்பதைக் கவனிக்க வேண்டும். நெற்றியிலிருந்து சொட்டித் தரையில் விழும் வியர்வை ஒரு துளி வெப்பத்தையும் எடுத்துக்கொண்டு போகாது.

மண்பானையை நினைத்துப் பாருங்கள். சித்திரையில் மதுரையிலோ திருச்சியிலோ காற்றோட்டமான திண்ணையில் வைத்த பானைத் தண்ணீர் ஜில்லென்று இருக்கும். அதே பானை ஐப்பசி மழைக்காலத்தில் சென்னையில் ஒரு மூலையில் கிடந்தால் மேலெல்லாம் ஈரம் கசிந்திருக்கும், தண்ணீர் மட்டும் குளிர்ந்திருக்காது. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால், பானையின் ஈரம் போக இடமில்லை. உடம்புக்கும் அதேதான். ஆகவே வெறும் வெப்பமானியைப் பார்த்துப் போட்டியை எடைபோடக் கூடாது.

இதை அமெரிக்க மரைன் படையின் பயிற்சி முகாம்கள் கசப்பாகக் கற்றுக்கொண்டன. வெப்பத்தில் சுருண்டு விழும் இளம் வீரர்களைக் காப்பாற்ற, கான்ஸ்டன்டின் யாக்லூவும் டேவிட் மினார்டும் 1957-இல் ஓர் அளவை முன்வைத்தார்கள். ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டுவதற்கு 70 விழுக்காடு மதிப்பு. வெயிலில் வைத்த கருப்புக் கோளத்துக்குள் இருக்கும் வெப்பமானிக்கு 20. நிழலில் வைத்த சாதாரண வெப்பமானிக்கு 10 மட்டுமே. ஈரக்குமிழ்-கோள வெப்பநிலை என்று இதற்குத் தமிழில் பெயர் சொல்லலாம். டபிள்யூபிஜிடி என்று விளையாட்டு மருத்துவர்கள் இன்றும் இதைத்தான் பார்க்கிறார்கள். நாம் தினசரி வானிலையில் பார்த்துப் பேசும் எண்ணுக்கு அதில் பத்தில் ஒரு பங்குதான் இடம்.

வெப்பம் எவ்வளவு வெட்டும்? ஸ்டூவர்ட் காலவே, ரான் மாகன் என்ற இரு ஆய்வாளர்கள் 1997-இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். எட்டு ஆண்களை நான்கு வெவ்வேறு வெப்பநிலைகளில், இனி முடியாது என்னும்வரை ஒரே கடுமையில் சைக்கிள் மிதிக்கவைத்தார்கள். 11 டிகிரியில் சராசரியாக 94 நிமிடம் தாங்கினார்கள். 4 டிகிரியிலும் 21 டிகிரியிலும் 81 நிமிடம். 31 டிகிரியில் 52 நிமிடம். 31 டிகிரி என்பது நமக்குச் சாதாரண நாள்.

ஏன் நிற்கிறார்கள் என்ற கேள்விக்கு 1999-இல் கோபன்ஹேகனிலிருந்து ஒரு விடை வந்தது. ஹோசே கொன்சாலஸ்-அலோன்சோவும் சகாக்களும் பயிற்சி பெற்ற ஏழு சைக்கிள்காரர்களை, மிதிக்கத் தொடங்கும் முன் தண்ணீரில் அமிழ்த்தி, ஒரு நாள் குளிர்ந்த உடம்போடும், ஒரு நாள் இயல்பாகவும், ஒரு நாள் சூடேறிய உடம்போடும் தொடங்கவைத்தார்கள். அறை வெப்பம் 40 டிகிரி. குளிர்ந்து தொடங்கியபோது 63 நிமிடம், இயல்பில் 46, சூட்டோடு தொடங்கியபோது 28 நிமிடம் மிதித்தார்கள். நேரம் மாறியது, நின்ற இடம் மாறவில்லை. மூன்று நாளும் உடல் உள்வெப்பம் 40 டிகிரியைச் சற்றுத் தாண்டியதும் கால் நின்றுவிட்டது. மனவுறுதி குறைந்தவர்கள் அல்ல அவர்கள். வாடிப் போகும் ஓட்டக்காரரைப் பார்த்து “மனசு வைத்தால் முடியும்” என்று ஓரத்திலிருந்து கத்துகிறவர்கள் அறிந்திருக்க வேண்டிய சோதனை இது.

இதை டிரையத்லானில் பொருத்திப் பாருங்கள். சைக்கிளில் போகும்போது மணிக்கு 30 கிலோமீட்டர் காற்று உடம்பில் அடித்துக்கொண்டே இருக்கிறது; வியர்வை உலர்ந்துவிடுகிறது; நன்றாகத்தானே இருக்கிறோம் என்று தோன்றும். இறங்கி ஓடத் தொடங்கியதும் அந்தக் காற்று மூன்றில் ஒரு பங்காகிவிடும். வெப்ப உற்பத்தியோ குறைவதில்லை. மணிக்கு 10 கிலோமீட்டர் ஓடும் 60 கிலோ ஆள் சுமார் 700 வாட் வெப்பத்தை வெளியேற்றியாக வேண்டும். 80 கிலோ ஆள் 900-க்கு மேல். எடை மூன்றில் ஒரு பங்கு கூடும்போது தோல் பரப்பு ஐந்தில் ஒரு பங்குதான் கூடுகிறது. கனத்தவருக்கு வெப்பம் அதிகம், அதை வெளியே விட வாசல் போதாது. தட்டையான சூடான ஊரில் சைக்கிளில் 4 நிமிடம் சம்பாதித்த அதே 82 கிலோக்காரர், ஓட்டத்தில் 20 நிமிடத்தை விடுவது இதனால்தான். தட்டையான பாதை கனத்தவருக்கு நல்லது என்ற விதி, குளிர்ந்த ஊர்களில் மட்டுமே முழுதாகச் செல்லும்.

இன்னொன்றும் உண்டு, என் கருத்தில் போட்டியைத் தேர்ந்தெடுப்பது பற்றிய பேச்சுகளில் அதிகம் விடுபட்டுப்போவது இதுதான். காலை 7 மணியை ஒட்டி எல்லோரும் தொடங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 4 மணி நேரத்தில் முடிக்கும் வீரர் 11 மணிக்கு வீட்டுக்குக் கிளம்பலாம். 6 மணி நேரக்காரர் 11 மணிக்குத்தான் ஓட ஆரம்பிக்கிறார். பெரும்பாலான ஊர்களில் வரம்பாக இருக்கும் எட்டரை மணி நேரத்தை ஒட்டி வருகிறவர், உச்சி வெயில் முழுவதையும் தலையில் வாங்கிக்கொண்டு பிற்பகல்வரை சாலையில் இருக்கிறார். ஒரே போட்டி, ஒரே நாள், ஆனால் மூவருக்கும் மூன்று வானிலை. அமெரிக்க ராணுவ ஆய்வகத்தின் மேத்யூ ஈலி குழுவினர் 2007-இல் ஏழு மராத்தான்களின் பல ஆண்டு முடிவுகளை வானிலையோடு ஒப்பிட்டு, வெப்பம் கூடக் கூட எல்லோரும் மெதுவாகிறார்கள், பின்னால் வருகிறவர்கள் இன்னும் அதிகமாக மெதுவாகிறார்கள் என்று காட்டினார்கள். ‘சாம்பியன்கள் புகழும் வேகமான பாதை’ என்ற சான்றிதழ் நமக்கு உதவாததற்கு இதைவிடத் தெளிவான ஆதாரம் வேண்டாம்.

கோவா 70.3 முதன்முதலாக 2019 அக்டோபரில் மிராமர் கடற்கரையில் நடந்தது. தென்மேற்குப் பருவம் ஓய்ந்து அரபிக்கடல் அடங்கும் காலம் அது. அதே வாரங்களில் நம் பக்கம் வடகிழக்குப் பருவமழை தொடங்கி வங்கக்கடல் கொந்தளிக்கும். கடல் நீச்சலை வைத்துப் போட்டி நடத்த மேற்குக் கரைக்குத்தான் போக வேண்டும். ஆனால் அக்டோபர்க் கோவாவில் பகல் வெப்பம் 32 டிகிரியை ஒட்டி இருக்கும், காற்று ஈரம் கனத்திருக்கும். கொழும்பில் 2018 பிப்ரவரியில் முதல் 70.3 நடந்தபோதும் பாதை தட்டைதான், சூழலும் இதே குடும்பம்தான். லங்காவியில் இதோடு மேடு பள்ளமும் சேர்ந்துகொள்ளும்.

நம் கடற்கரை ஊர்களில் பயிற்சி செய்கிறவர்களுக்கு இதில் ஒரு பலம் உண்டு. வெப்பத்தில் 10 முதல் 14 நாள் உழைத்தால் உடம்பு மாறுகிறது: இரத்தத்தின் நீர்ப்பகுதி பெருகும், வியர்வை சீக்கிரம் தொடங்கும், அதில் உப்புக் குறையும். வெப்ப இசைவாக்கம் என்று இதைச் சொல்வோம். நார்வேக்காரர் திட்டமிட்டுப் பெற வேண்டிய இது நமக்கு அன்றாட ஓட்டத்திலேயே கிடைத்துவிடுகிறது. ஆனால் அது 40 டிகிரி என்ற உள்வரம்பை நீக்குவதில்லை. அங்கே போய்ச் சேர்வதைத் தாமதப்படுத்துகிறது, அவ்வளவே. அதிகாலை 4 மணிக்கு ஓடி 7 மணிக்குள் வீடு திரும்பி, மீதி நாளெல்லாம் ஏசியில் இருக்கும் நகரவாசிக்கு அந்த இசைவும் அரைகுறைதான்.

போட்டியைத் தேர்ந்தெடுக்க உட்காரும்போது நான் முதலில் திறப்பது பாதை வரைபடத்தை அல்ல, கடந்த ஆண்டுகளின் முடிவுப் பட்டியலை. நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் தனித்தனியாக அதில் இருக்கும். உங்கள் வயதுப் பிரிவில் நடுவரிசையில் முடித்தவர்களை எடுத்துக்கொண்டு, சைக்கிள் நேரத்துக்கு ஓட்ட நேரம் எத்தனை பங்கு என்று பாருங்கள். 3 மணி நேரத்தில் சைக்கிள் முடித்தவர்கள் ஓர் ஊரில் 2 மணி நேரத்தில் ஓடி, இன்னோர் ஊரில் இரண்டரை மணி நேரம் எடுத்திருந்தால், அந்த அரை மணி நேரத்தைத் தின்றது எது என்று ஊகிக்கக் கடினமில்லை. இரண்டு ஊர்ப் பட்டியலிலும் வரும் ஆட்கள் கிடைத்தால் இன்னும் உறுதி. பாதியில் விலகியவர்களின் பங்கையும் பார்த்துவிடுங்கள். பிறகு அந்த ஊரின் பழைய வானிலைப் பதிவில் நாள் சராசரியை விட்டுவிட்டு, நீங்கள் ஓடப்போகும் மணிகளுக்கான பனிப்புள்ளியைத் தேடுங்கள். காற்றிலுள்ள ஈரம் நீராகத் திரளத் தொடங்கும் வெப்பநிலைதான் பனிப்புள்ளி. அது 24-ஐத் தாண்டினால் பானை குளிராத நாள்.

பத்தாண்டுப் பதிவும் ஒரு நாளுக்கு உத்தரவாதம் தராது. அமெரிக்காவின் உட்டா மாநிலத்தில் செயின்ட் ஜார்ஜ் பாலைவன ஊர். 2021 செப்டம்பரில் உலகச் சாம்பியன்ஷிப்புக்கு வெயிலுக்குத் தயாராகப் போனவர்களைச் சைக்கிள் பாதையில் சூறைக்காற்றும் மழையும் ஆலங்கட்டியும் பிடித்துக்கொண்டன. எந்த ஊருக்குப் போனாலும் பையில் ஒரு மெல்லிய காற்றுச்சட்டைக்கு இடம் வையுங்கள்.

நம் 58 கிலோக்காரர் நன்றாக ஏறுகிறவர், சூட்டில் தாங்குகிறவர் என்றால் லங்காவி அவருக்கு ஏற்ற இடம். பட்டியலில் தன் வழக்கமான இடத்தைவிட மேலே வருவார். 82 கிலோக்காரருக்கு நான் சொல்வது மேற்கு ஆஸ்திரேலியாவின் பஸ்ஸல்டன். மே மாதத்தில், தட்டையான சாலையில், வெட்சூட் அணியும் அளவு தண்மையான கடலில், மிதமான வெயிலில் நடக்கும் போட்டி. விமானக் கட்டணமும் சைக்கிள் பெட்டிக்கான கூடுதல் கட்டணமும் சேர்ந்து கட்டுப்படியாகாது, கோவாதான் முடியும் என்றால், சைக்கிளில் தன்னால் முடிந்த 210 வாட்டைக் கொடுக்காமல் 190-இல் நிறுத்திக்கொள்ளட்டும். காற்றை வெல்லும் சக்தி மும்மடியாக ஏறுவதால் அதில் அவர் இழப்பது சுமார் 6 நிமிடம்தான். குளிர்ந்த உடம்போடு தொடங்கிய கோபன்ஹேகன்காரர்கள் போல, உள்வெப்பம் ஏறாமல் ஓட்டத்துக்கு வந்து சேர்வார். முதல் தண்ணீர் நிலையத்திலிருந்தே ஐஸ் வாங்கித் தொப்பிக்குள்ளும் கழுத்துப் பின்புறமும் வைத்துக்கொள்ளட்டும். தாகம் எடுத்தபின் அல்ல, முதல் கிலோமீட்டரிலேயே.